பானெட்டுக் கொக்கி

மெக்கானிக் மொக்கைச்சாமி சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜின்னிங் பேக்டரி முதலாளி காசிராஜன் நாற்காலியை முற்றத்துக்கே தூக்கிவரச் சொல்லி, காரின் மூக்குக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் எலியேசரை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தார். வேலை முடியும்வரை அவன் கை வண்டியில் படக்கூடாது என்பது உத்தரவு.

அந்த வண்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவன் எலியேசர். வாட்ச்மேன் மாரிச்சாமி அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டால்கூட அவனுக்குப் பொறுக்காது. இப்போது அதே மாரிச்சாமி பானெட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, கீழேயிருந்து குரல் வரும்போதெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தான். முதலாளி பார்க்கிறார் என்பதால் முகத்தில் ஒரு கண்டிப்பை வேறு வரவழைத்திருந்தான். பார்க்கப் பார்க்க எலியேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் நடந்தது இதுதான். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதிலிருந்து காருக்கான சாமான் எதுவும் கப்பலில் வருவதில்லை. மதுரையில் ஒரு டிரைவர் தன் முதலாளி வண்டியின் டைனமோவைக் கழற்றி விற்றுவிட்டு, ஓட்டை டைனமோ ஒன்றை மாட்டிவைத்திருந்தானாம். பஞ்சுப்பேட்டையில் யாரோ இதைக் கதையாகச் சொல்ல, காசிராஜனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் காப்பித் தம்ளரோடு முற்றத்துக்கு வந்து நின்றார்.

"பானெட்டத் தொற. டைனமோவப் பாக்கணும்."

எலியேசர் பானெட்டின் மூக்கில் இருந்த கைப்பிடியைத் திருகினான். வழக்கமாகத் திருகினால் உள்ளே கொக்கி விலகி, மூடி தானாக ஒரு விரற்கடை எழும்பும். கைப்பிடி திரும்பியது, மூடி எழும்பவில்லை. அமுக்கித் திருகினான், தட்டித் திருகினான், மண்ணெண்ணெய் விட்டுத் திருகினான். ஆடு அசை போடுவதைப் பார்ப்பதுபோல் காசிராஜன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேத்து வரைக்கும் தொறந்துச்சா?"

"தொறந்துச்சு, முதலாளி."

"பாக்கணும்னு சொன்ன அன்னிக்குத்தான் தொறக்க மாட்டேங்குது, என்ன?"

 காசிராஜன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "ஒன் பொஞ்சாதி தையல் மிஷின் வாங்கியிருக்காளாமே" என்றார். ஊருக்குத் திரும்பிப்போன மிஷன் துரைசாணி அவன் மனைவி கிருபாபாய்க்கு விட்டுவிட்டுப் போன பழைய மிஷின் அது. எலியேசர் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் நம்பிக்கை இல்லை.

மொக்கைச்சாமியைக் கூட்டிவர ஆள் போனது. மொக்கைச்சாமிக்குத் தென்காசி ரோட்டில் பட்டறை. நல்ல கைகாரன்தான். ஆனால் அவன் மச்சினன் பால்சாமி, பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றுபோனதில் வேலை இழந்து, பட்டறை வாசலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் வீட்டில் டிரைவர் வேலை காலியாகும் என்று அவனுக்கு அத்துப்படி. வந்ததும் வராததுமாக மொக்கைச்சாமி பானெட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "தானா மாட்டிக்கிட்ட மாதிரி தெரியலையே, அய்யா" என்று ஒரு வார்த்தை போட்டான். எலியேசர் அதை மனதில் குறித்துக்கொண்டான்.

ஆனால் எலியேசரை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது பால்சாமி அல்ல, நேற்றைய வெள்ளிக்கிழமை.

முதலாளியின் மனைவி சண்முகத்தாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்திக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுத்தான் வண்டியை எடுத்தாள். பெட்ரோல், பேக்டரி வேலைக்கு மட்டும் என்பது காசிராஜன் கட்டளை. கோயில் குளம் என்றால் மாட்டுவண்டியில் போகச் சொல்வார். வண்டி தெருமுனை தாண்டியதும் பின் ஸீட்டிலிருந்து குரல் வந்தது.

"எலியேசரு, வண்டிய மேக்க திருப்பு. அய்யனார் கோவிலுக்குப் போவணும். அவியகிட்ட சித்தி வீடுன்னே சொல்லிரு."

கூட வந்த வேலைக்காரி சீனியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலியேசர் வண்டியைத் திருப்பினான். வேறு என்ன செய்வான்? சம்பளம் போடுகிறவர் அவர். சோறு போடச் சொல்கிறவள் இவள்.

மலையடிவாரத்தில், கோயில் பாதை ஆற்றுமணலில் வண்டி திணறி, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, ஆறட்டும் என்று நின்றான். "மேல மடுவுல நல்ல தண்ணியா எடுத்துட்டு வா" என்று முதலாளியம்மா அனுப்பினாள். பக்கத்திலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, மேலே எதற்கு என்று அப்போதே தோன்றியது. மருதமரத்து வேரில் வழுக்கி வழுக்கி டின்னை நிரப்பிக்கொண்டு வந்தபோது பானெட் மூடிக் கிடந்தது. பூசாரி கொஞ்சம் தள்ளிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சூடு ஆறிட்டு. வண்டிய எடு, இருட்டிரும். தண்ணிய வீட்டுல போயி ஊத்திக்கிடலாம்" என்றாள் அம்மா. டின் டிக்கியில் ஏறியது. வீடு வந்ததும் முதலாளி கேட்டார்; சித்தி வீடு என்று எலியேசர் சொன்னான். சித்திக்கு இப்போது தேவலை என்றுகூட ஒரு வரி சேர்த்துச் சொன்னான். 

காருக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. சேறு தடுக்கும் அடித்தட்டைக் கழற்றி மொக்கைச்சாமி கீழே இறக்கியதும் பொலபொலவென்று என்னவோ கொட்டியது. அவன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். மார்பெல்லாம் மணல். ஒரு கை நிறைய அள்ளி முதலாளியிடம் நீட்டினான்.

"அய்யா, வண்டி நேத்து எங்க போச்சு?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு."

"இது ஆத்து மணலுல்லா. அந்த ரோட்டுல ஏது ஆறு? பாருங்க, கூழாங்கல்லு. மலையடிவாரத்துல கெடக்குற கல்லு."

கேடு செய்ய வேண்டுமென்று சொன்னானோ, கண்டதைச் சொன்னானோ, தெரியாது. காசிராஜன் மணலைக் கையில் வாங்கி விரலால் கிளறினார். எலியேசரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ மொதல்ல பானெட்டத் தொற" என்றார்.

மொக்கைச்சாமி ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனான். ரேடியேட்டருக்கும் முன்கிராதிக்கும் இடையில் கம்பியை மேலே விட்டுத் துழாவினான். "மாரிச்சாமி, நல்லா அமுக்கு. மூக்குல இல்ல வே, இந்தப் பக்கமா." மாரிச்சாமி ஏறி உட்காராத குறையாக அமுக்கினான். "கொக்கிக்குள்ள என்னமோ கெடக்கு. இரும்பு இல்ல. அமுக்கு. இன்னும். விட்டுரு."

டக் என்று ஒரு சத்தம். பானெட் எழும்பியது.

காசிராஜன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மொக்கைச்சாமி மணலைத் தட்டிக்கொண்டு வந்து மூடியைத் தூக்கி நிறுத்தினான். டைனமோவைத் துணியால் துடைத்தான். கார்புரேட்டரை, காயிலை, பேட்டரியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எலியேசர் மரத்தடியில் நின்றபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"எல்லாம் வண்டியோட வந்த சாமான்தான், அய்யா. ஒண்ணும் மாறல."

எலியேசருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். அந்த நிம்மதி செத்த நேரம்தான் நின்றது. மொக்கைச்சாமி பிளையரால் கொக்கிக்குள்ளிருந்து எதையோ இழுத்து, நூலை வெட்டி எடுத்தான். சுருட்டிய செப்புத் தகடு. நடுவில் நசுங்கிப் பிளந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த நூல் எஞ்சின் எண்ணெயில் ஊறிக் கன்னங்கரேலென்று கிடந்தது.

மாரிச்சாமி நாலு அடி பின்னால் போனான். மொக்கைச்சாமி அதைச் சட்டென்று தரையில் போட்டுவிட்டு, கையை மண்ணில் தேய்த்தான்.

"கறுப்பு நூலு" என்றார் காசிராஜன். டைனமோவைத் தேடி உட்கார்ந்தவருக்கு அதைவிடப் பெரியது கிடைத்துவிட்டது. முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் ஏறுற வண்டியில செய்வினை வச்சிருக்கான்."

"முதலாளி, எனக்கு அது என்னன்னே தெரியாது. நான் வேதக்காரன், கர்த்தரக் கும்புடுறவன். தகடு எழுதுற எடத்துக்கெல்லாம் நான் போனதே இல்ல."

"வேதக்காரனுக்குத் தகடு தந்தா வேலை செய்யாதா? மணல் பொய் சொல்லுதா? அவளச் சித்தி வீட்டுல எறக்கிவிட்டுட்டு வண்டிய மலைக்குக் கொண்டுட்டுப் போயிருக்க. எவன்கிட்ட வாங்குன?"

எலியேசர் மாடி ஜன்னலைப் பார்த்தான். கம்பிக்குப் பின்னால் சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். மேல மடு, மூடிக் கிடந்த பானெட், கை கழுவிய பூசாரி. எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். வீட்டில் நாலு பிள்ளைகள். விழுங்க முடியவில்லை.

"நாங்க ஸ்ரீவில்லிபுத்தூரு போவல, முதலாளி. அம்மாதான் அய்யனார் கோவிலுக்கு விடச் சொன்னாவ. என்னையத் தண்ணிக்கு அனுப்பிட்டாவ. வாறதுக்குள்ள பானெட்டு மூடிக் கெடந்துச்சு. அந்தத் தண்ணி இன்னும் டிக்கியில இருக்கு."

"தண்ணில ஊரு பேரு எழுதியிருக்கா?"

"அம்மாகிட்ட கேளுங்க. இந்தா நிக்காவ."

காசிராஜன் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார். சண்முகத்தாய் இறங்கி வந்து நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலைத் தலைப்புக்குள் இரண்டு கைகளையும் சேர்த்து மறைத்திருந்தாள்.

"நேத்து எங்க போன?"

 அவள் குரல் தெளிவாக இருந்தது.

"சித்தி வீட்டுக்கு. வேற எங்க போவேன்? அங்கன என்னைய எறக்கிவிட்டுட்டு வண்டி எங்க போச்சுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அம்மா" என்றான் எலியேசர். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான். "அந்த முடிச்சப் பிரிச்சுப் பாருங்க, முதலாளி. எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கு. உள்ள மஞ்சளாத்தான் இருக்கும். கோயில் காப்புல்லா அது."

யாரும் குனியவில்லை. காசிராஜன் மாரிச்சாமியைப் பார்த்தார். மாரிச்சாமி மொக்கைச்சாமியைப் பார்த்தான். மொக்கைச்சாமி கையிலிருந்த பிளையரைப் பார்த்தான்.

"நேத்து என்கிட்ட சித்தி வீடுன்ன. சித்திக்குத் தேவலைன்ன. இன்னிக்கு அய்யனார் கோவிலுங்குற. எது பொய்லே?"

"நேத்துச் சொன்னதுதான் பொய், முதலாளி."

"பொய் சொன்னேன்னு நீயே சொல்லிட்ட" என்று காசிராஜன் உட்கார்ந்தார். வழக்கு அவர் வரையில் முடிந்துவிட்டது. "சாவிய வச்சுட்டு, ஒஞ்சாமான எடுத்துட்டுக் கெளம்பு. போலீஸுக்குச் சொல்லாம விடுதேன், அதுவே பெருசு." பிறகு அதே மூச்சில், "மொக்கை, ஒனக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இருக்கானா?"

"மச்சினன் பால்சாமி இருக்கான், அய்யா. லைசென்ஸ் இருக்கு."

"வரச் சொல்லு."

இதற்குத்தானே காத்திருந்தாய் என்று எலியேசர் நினைத்துக்கொண்டான். மொக்கைச்சாமி அவன் பக்கமே பார்க்கவில்லை.

மாரிச்சாமி ஒரு குச்சியால் தகட்டைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். நூல் எரிந்தது, செம்பு எரியவில்லை. அதைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டுமா, ஆற்றில் விட வேண்டுமா என்று அவனும் முதலாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் உள்ளே போய்விட்டிருந்தாள்.

எலியேசர் டிக்கியைத் திறந்து தன் சட்டையை, பழைய செருப்பை, பைபிள் சுற்றிய துண்டை எடுத்தான். தண்ணீர் டின் மூலையில் இருந்தது. கொல்லைப்புறமாக வந்த சீனியம்மாள் கூட்டுமாற்றோடு குனிந்து பெருக்குவதுபோல் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அம்மா உள்ள அழுவுதாவ. அய்யாவுக்கு வண்டியில கண்டம்னு சோசியக்காரன் சொல்லிட்டான். அதுக்குத்தான் அந்தக் காப்பு. எந்திரத்துக்குள்ள இரும்புல கட்டணும், வேத்து வேதக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னாரு பூசாரி. ஒரு மண்டலத்துக்கு வாயத் தொறந்தா அய்யா தலைக்குத்தான் கேடாம். மண்டலம் கழிஞ்சதும் அவியகிட்ட சொல்லி ஒன்னையக் கூப்பிட்டுக்கிடுதாவளாம்."

"அதான் வெளிய எடுத்துக் கொளுத்தியாச்சே. இனி என்ன மண்டலம்?"

சீனியம்மாள் துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். "புதுசு வாங்கிக் கட்டணுமாம். அதுலருந்து எண்ணணுமாம்."

எலியேசருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவான் என்று பட்டதால் உதட்டைக் கடித்துக்கொண்டான். "நீயும் கூடத்தான வந்த. நீ ஒரு வார்த்தை சொல்லலாம்லா" என்றான்.

"நானும் இந்த வீட்டுலதாண்ணே சோறு திங்குதேன்" என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கிக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் பால்சாமி வந்துவிட்டான். சட்டையை உதறிப் போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, தயாராக இருந்தவன்போல் வந்தான். எலியேசரைப் பார்த்ததும், "என்னண்ணே" என்று பாதிக் குரலில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மொக்கைச்சாமி ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்த்து, தண்ணீர் அடியில் கிடப்பதாகச் சொன்னான். டிக்கியிலிருந்த டின்னை எடுத்துவந்து கவிழ்த்தான். மேல மடுத் தண்ணீர் கடைசிச் சொட்டுவரை உள்ளே போனது. காலி டின்னை அவன் நீட்ட, எலியேசர் வாங்கிக்கொண்டான். டின் அவனுடையது.

காசிராஜன் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தோசம் கழிக்கணும். தட்டக் கொண்டா. நீயே வந்து சுத்து, சண்முகம்."

சண்முகத்தாய் ஆரத்தித் தட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. காசிராஜன் காருக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பால்சாமி பக்கத்தில் நின்று அவனும் மூடிக்கொண்டான். மாரிச்சாமி சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். திறந்துகிடந்த பானெட்டுக்கு மேலே அவள் தட்டை உயர்த்தியபோது வளையல்கள் கலகலவென்று முழங்கைக்குச் சரிந்தன.

வெறும் மணிக்கட்டில் புது மஞ்சள் நூல் ஒன்று கட்டியிருந்தது.

காரின் இந்தப் பக்கம் எலியேசரும் அந்தப் பக்கம் மொக்கைச்சாமியும் நின்றார்கள். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மொக்கைச்சாமி தன் கையிலிருந்த பிளையரைத் திருப்பிப் பார்த்தான். அதன் பல்லிடுக்கில், வெட்டிய முடிச்சின் உள்பக்கத்து இழை ஒன்று, எண்ணெய் படாமல், மஞ்சளாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து எலியேசரைப் பார்த்தான். பால்சாமியைப் பார்த்தான்.

கற்பூரம் அணைந்ததும் காசிராஜன் கண்ணைத் திறந்தார். "என்ன மொக்கை, மூடலாமா?"

"மூடலாம், அய்யா" என்றான் மொக்கைச்சாமி. பிளையரை வேட்டியில் அழுத்தித் துடைத்து மடியில் செருகினான். இரண்டு கைகளாலும் பானெட்டை இறக்கி ஓர் அமுக்கு அமுக்கினான். கொக்கி சுத்தமாக விழுந்தது.